சர்வர் பேக்கப்புக்கு எந்த நேரம் சரியான நேரம்? – வாசகர் கேள்வி பதில்

பேக்கப் ஷெட்யூல் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டளைகள், மெனுப் பெயர்கள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். உங்கள் திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும்.

கே: எங்கள் ஜவுளிக்கடையில் டேலி ஓடும் கம்ப்யூட்டர்தான் சர்வர். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் வசதி) தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் எடுக்கும்படி வைத்துக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு காப்பிகூட இல்லை. எங்கே தப்பு?
– ஜவுளிக்கடை உரிமையாளர், அரூர்

ப: கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போகிறீர்களா? நம் பக்கத்துக் கடைகளில் அதுதான் வழக்கம். அப்படியானால் காரணம் அதுவே. மெயினை இறக்கிய பிறகு சின்ன யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது. இரவு 2 மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் உயிரோடு இல்லை. இரவு 2 மணி என்பது டேட்டா சென்டருக்கு ஏற்ற நேரம். கடைக்கு ஏற்ற நேரம் கணக்கு முடித்து ஷட்டர் இறக்கும் நேரம்.

மின்கசிவுக்குப் பயந்துதான் மெயினை இறக்குகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது, அதை மாற்றச் சொல்ல மாட்டோம். ஷெட்யூலை மாற்றுங்கள். கடை 9 மணிக்கு மூடுகிறது என்றால் 9.10-க்கு டாஸ்க் தொடங்கட்டும். ஸ்கிரிப்டின், அதாவது டாஸ்க் ஓட்டும் கட்டளைக் கோப்பின், வரிசை இப்படி இருக்க வேண்டும்: டேலி மூடியிருக்கிறதா என்று பார்ப்பது, கம்பெனி டேட்டா ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு காப்பி செய்வது, காப்பி சரியா என்று பார்ப்பது, கடைசியாகக் கம்ப்யூட்டரைத் தானாக ஷட் டவுன் செய்வது. சிபியூவின் விளக்கு அணைந்த பிறகுதான் மெயினில் கை வைக்க வேண்டும் என்று பூட்டும் பையனிடம் சொல்லிவிடுங்கள். விளக்கு அணைவதே அன்றைய வேலை முடிந்ததற்கு அடையாளம்.

டேலி திறந்திருக்கும்போது ஃபோல்டரை காப்பி எடுக்கக் கூடாது. ஒரு கம்பெனியின் டேட்டா பல கோப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு கோப்பு 9.10-க்கும் இன்னொன்று 9.12-க்கும் காப்பியாகி, நடுவில் ஒரு வவுச்சர் ஏறினால், இரண்டு கோப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பார்க்க முழு பேக்கப் மாதிரியே இருக்கும். ரீஸ்டோர் செய்யும் அன்றுதான் திறக்க மறுக்கும்.

டாஸ்க் ஷெட்யூலரிலும் நான்கு இடங்களைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது ‘கண்டிஷன்ஸ்’ பக்கம்: மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருக்கும். யூபிஎஸ்ஸை யூஎஸ்பி வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால் விண்டோஸ் அதை பேட்டரி என்று எடுத்துக்கொள்ளும். கரண்ட் போன நேரத்தில் டாஸ்க் தொடங்காது. இரண்டாவது ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் மேலிருந்து இரண்டாவது கட்டம்: குறித்த நேரம் தவறினால் அடுத்த வாய்ப்பில் ஓட்டு என்பது அதன் பொருள். அதை டிக் செய்தால் மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டுச் சுமார் 10 நிமிடத்தில், சரியாக முதல் பில் போடும்போது, பேக்கப் தொடங்கும். டேலி மூடியிருக்கிறதா என்ற சோதனை ஸ்கிரிப்டில் இருந்தால் மட்டும் அந்த டிக் போடுங்கள். கடைசியில் வரும் ஷட் டவுன் கட்டளையும் இரவு நேரத்தில் மட்டும் வேலை செய்யும்படி இருக்கட்டும். மூன்றாவது பாஸ்வேர்டு: லாகின் செய்யாவிட்டாலும் ஓட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த விண்டோஸ் கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லையென்றால் டாஸ்க் ஓடாது. கடைக் கம்ப்யூட்டர்களில் பாஸ்வேர்டு இல்லாமல் விடுவது சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். நான்காவது ‘ஹிஸ்டரி’ பக்கம்: அது ஆரம்பத்தில் முடக்கப்பட்டிருக்கும். வலப்பக்கப் பட்டியலில் ‘எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி’யை அழுத்தினால்தான் என்ன நடந்தது என்று பிறகு பார்க்க முடியும்.

எத்தனை காப்பி வைப்பது? கிழமைக்கு ஒரு ஃபோல்டர், மொத்தம் ஏழு. அடுத்த வாரம் அதே கிழமையில் பழையது அழிந்து புதியது ஏறட்டும். மாதக் கடைசிக் காப்பியைத் தனியே வையுங்கள். மார்ச் 31 காப்பியை மட்டும் அழிக்கவே வேண்டாம். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

கே: விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பி வைத்து ஆபீஸ் ஃபைல்களை நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) அனுப்புகிறோம். டாஸ்க் ஷெட்யூலரில் ‘லாஸ்ட் ரன் ரிசல்ட்’ 0எக்ஸ்1 என்று வருகிறது. இது பிழைதானே? சில நாள் டாஸ்க் காலை வரை ‘ரன்னிங்’ என்றே நிற்கிறது.
– ஆடிட்டர் அலுவலக ஊழியர், தருமபுரி

ப: ரோபோகாப்பியில் 1 என்றால் புதிய ஃபைல்கள் காப்பியாயின, சிக்கல் ஏதும் இல்லை என்று அர்த்தம். 0 என்றால் காப்பி செய்யப் புதிதாக ஒன்றும் இல்லை. 7 வரை பயப்பட வேண்டியதில்லை. 8-ம் அதற்கு மேலும் வந்தால்தான் ஏதோ ஒன்று காப்பியாகவில்லை. மற்ற புரோகிராம்களில் 0 மட்டுமே வெற்றி என்பதால் வரும் குழப்பம் இது. ஸ்கிரிப்டின் கடைசியில், 8-க்குக் கீழே இருந்தால் 0 என்று திருப்பி அனுப்பும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். திரையில் எப்போதும் 1 பார்த்துப் பழகிவிட்டால் 8 வரும் நாளில் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

காலை வரை நிற்பதற்குக் காரணம் மறுமுயற்சி எண்ணிக்கை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ரோபோகாப்பி, திறந்திருக்கும் ஒரு ஃபைலுக்காக 10 லட்சம் முறை, முறைக்கு 30 வினாடி காத்திருந்து முயலும். கணக்குப் போட்டால் ஒரே ஃபைலுக்கு 347 நாள். யாரோ ஒருவர் எக்ஸெல் ஃபைலை மூடாமல் வீட்டுக்குப் போனால் போதும். மறுமுயற்சியை 2, காத்திருப்பை 5 வினாடி என்று மாற்றுங்கள். ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் டாஸ்க் 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்று இருப்பதை 4 மணி நேரமாகக் குறையுங்கள்.

இன்னொன்று, நாஸ் பெட்டிக்கு இசட் டிரைவ் என்று எழுத்துப் பெயர் வைத்திருப்பீர்கள். அந்த எழுத்து நீங்கள் லாகின் செய்திருக்கும்போது மட்டும்தான் இருக்கும்; யாரும் லாகின் செய்யாத இரவில் ஓடும் டாஸ்க்குக்கு அது தெரியாது. இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையையே ஸ்கிரிப்டில் எழுதுங்கள். மிரர் ஆப்ஷன் போட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். மூல ஃபோல்டர் தவறுதலாகக் காலியாக இருந்தால் அன்றிரவே பேக்கப்பும் காலி.

கே: மாங்கூழ்த் தொழிற்சாலை. லினக்ஸ் சர்வரில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். எடைமேடை, ஸ்டோர்ஸ், உற்பத்தி எல்லாம் அதில்தான். இரவு 11.30-க்கு கிரான் (லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் சேவை) மூலம் டம்ப், அதாவது டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு கோப்பாக, எடுக்கிறோம். சீசனில் இரவு ஷிப்டும் நடப்பதால் பேக்கப் ஓடும் நேரம் முழுக்க எடைமேடையில் பதிவு நின்றுபோகிறது, லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சீசன் முடியும்வரை பேக்கப்பை நிறுத்திவைக்கலாமா?
– கணினிப் பிரிவுப் பொறுப்பாளர், காவேரிப்பட்டணம்

ப: நிறுத்தவே கூடாது. ஆண்டின் பெரும்பகுதி வரவு செலவு அந்த மூன்று மாதத்தில்தான் பதிவாகிறது. அப்போதுதான் பேக்கப் அடிக்கடி வேண்டும்.

பதிவு நிற்பதற்குக் காரணம், டம்ப் எடுக்கும்போது டேபிள்களைப் பூட்டுவது. டேபிள்கள் இன்னோடிபி என்ற சேமிப்பு வகையா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் ‘சிங்கிள்-டிரான்சாக்ஷன்’ ஆப்ஷனோடு டம்ப் எடுங்கள். தொடங்கிய நொடியில் டேட்டா எப்படி இருந்ததோ அதை அப்படியே எழுதிக்கொண்டு போகும், எடைமேடையில் பதிவும் தடைபடாது. பழைய மைஐஎஸ்ஏஎம் வகை டேபிள்கள் இருந்தால் இந்த ஆப்ஷன் அவற்றைக் காப்பாற்றாது. சீசனுக்கு முன்பே இன்னோடிபிக்கு மாற்றுங்கள். டம்ப் ஓடும்போது மென்பொருள்காரர் டேபிளின் அமைப்பை மாற்றும் அப்டேட் எதையும் போடக்கூடாது. டம்ப் பாதியில் முறியும்.

அடுத்து, நேரம். ஊகமாக வைக்க வேண்டாம். போன சீசனின் எடைமேடைப் பதிவுகளை மணிவாரியாக எண்ணினால் 24 எண்கள் கிடைக்கும். எது மிகக் குறைவோ அந்த மணியில் வையுங்கள். ஷிப்டு மாறும் நேரத்தைத் தவிர்க்கவும். ஷிப்டு கணக்கு முடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் எடுப்பார்கள். குறைவான நேரம் அதிகாலை 4 மணி என்று வந்தால், மே முதல் ஜூலை வரை ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று என்று கிரானில் இரண்டு வரி:

0 4 * 5-7 *
30 23 * 1-4,8-12 *

இடமிருந்து நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. * குறி என்றால் ‘எல்லாம்’. மாதக் கட்டம் இருப்பதால் சீசன் வந்ததும் தானாக மாறும். யாரும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை.

நாளுக்கு ஒரு டம்ப் மட்டும் இருந்தால், மாலை 3 மணிக்கு டிஸ்க் போனால் 11 மணி நேர எடைச்சீட்டு போயிற்று. விவசாயிக்குப் பணம் கொடுப்பதே அந்தச் சீட்டை வைத்துத்தான். அதனால் சீசனில் பின்லாக் கோப்புகளை (டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களைப் பதியும் கோப்புகள்) 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேறு மெஷினுக்கு அனுப்புங்கள்:

*/15 * * 5-7 *

மைஎஸ்க்யூஎல் 8-ல் பின்லாக் தானாகவே இயங்கும். உங்கள் டேட்டாபேஸ் மரியாடிபி என்றால் நீங்கள்தான் இயக்க வேண்டும். டம்ப் எடுக்கும்போது, அது எந்த பின்லாக் கோப்பின் எந்த இடத்தோடு பொருந்துகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 8.0.26 முதல் அந்த ஆப்ஷனுக்கு ‘சோர்ஸ்-டேட்டா’ என்று பெயர், அதற்கு முன்பு ‘மாஸ்டர்-டேட்டா’. இந்த இடக்குறிப்பு இல்லாவிட்டால் ரீஸ்டோர் நாளில் எங்கிருந்து தொடர்வது என்று திண்டாட வேண்டிவரும்.

15 நிமிட வேலை ஒருநாள் 20 நிமிடம் எடுத்தால் முந்தையது முடியாமலே அடுத்தது தொடங்கும். நெட்வொர்க் மெதுவாகும் ஒரு பிற்பகலில் இப்படி நாலைந்து சேர்ந்துவிட்டால் சர்வரே திணறும். கிரான் இதைத் தடுக்காது. கட்டளையின் முன்னால் ‘எஃப்லாக்’ சேர்த்து, காத்திருக்காதே என்ற ஆப்ஷனையும் கொடுத்தால், முந்தையது ஓடும்வரை புதியது தொடங்காமல் விலகிவிடும். டம்ப்புக்கு ‘நைஸ்’, ‘ஐயோநைஸ்’ இரண்டையும் போட்டு முன்னுரிமையைக் குறைத்துவிடுங்கள்.

கே: கல்லூரி சர்வரில் இரண்டாம் சனிக்கிழமை அதிகாலை 3 மணிக்கு மட்டும் முழு பேக்கப் வேண்டும். 0 3 8-14 * 6 என்று எழுதினோம். நினைத்த நாள் தவிர மற்ற நாட்களிலும் ஓடி டிஸ்க்கை நிரப்புகிறது.
– ஆய்வக உதவியாளர், பர்கூர்

ப: தேதி, கிழமை இரண்டையும் எழுதினால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். உங்கள் வரி 8 முதல் 14 வரை ஏழு நாளும், அதுபோக எல்லாச் சனிக்கிழமையும் ஓடும். மாதத்துக்கு 10 அல்லது 11 முழு பேக்கப். கிரானில் 0 3 8-14 * * என்று மட்டும் எழுதி, ஸ்கிரிப்டின் முதல் வரியில் இன்று சனிக்கிழமையா என்று சோதித்து, இல்லையென்றால் வெளியேறச் செய்யுங்கள். சோதனையை கிரான் வரிக்குள்ளேயே எழுதாதீர்கள்: அங்கே % குறி வந்தால் கிரான் அதை வரி முடிவாக எடுத்துக்கொள்ளும், முன்னால் பின்சாய்கோடு போட்டாக வேண்டும். ஸ்கிரிப்ட் கோப்புக்குள் அந்தத் தொல்லை இல்லை. கிரானுக்குப் பதில் லினக்ஸின் சிஸ்டம்டி டைமர் பயன்படுத்தினால் கிழமையும் தேதியும் இரண்டுமே பொருந்தும் நாளில்தான் ஓடும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்றால் கட்டளைகளுக்கு முழுப் பாதை கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உங்கள் லாகினில் இருக்கும் பாதைப் பட்டியல் கிரானுக்கு வராது.

கே: உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கிளவுட் சர்வரில் இரவு 2 மணி என்று வைத்த பேக்கப் காலை 7.30-க்கு ஓடுகிறது. கம்பெனி கணக்குக்குத் தினசரி பேக்கப் கட்டாயம் என்கிறார்களே, உண்மையா?
– கணக்குப் பிரிவு, ஓசூர்

ப: அந்த சர்வரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நம் இரவு 2 மணி அங்கே முந்தைய நாள் 20.30. 30 20 * * * என்று மாற்றினால் தினசரி வேலை சரியாகும். வாராந்தர வேலையில்தான் வழுக்கும்: ஞாயிறு அதிகாலை 2 மணி அங்கே சனி இரவு. மாதத்தின் முதல் தேதி அங்கே போன மாதக் கடைசி தேதி. அது 28-ஆ 31-ஆ என்று கிரானில் எழுத முடியாது. சர்வரின் நேர மண்டலத்தையே ஆசியா/கொல்கத்தா என்று மாற்றி, கிரான் சேவையை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வதே நல்லது. ரீஸ்டார்ட் செய்ய மறந்தால் கிரான் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கட்டாயம் என்பது உண்மை. கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்த திருத்தப்படி, மின்னணு முறையில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினசரி எடுக்கப்பட்டு, இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். அதற்கு முன் ‘குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை’ என்றுதான் இருந்தது. உங்கள் பேக்கப் சேமிப்பு மும்பை, ஐதராபாத் போன்ற இந்திய மையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் இந்தியாவில், பேக்கப் மட்டும் விலை குறைவான வெளிநாட்டு மையத்தில் என்ற அமைப்பு இந்த விதிக்குப் பொருந்தாது.

கம்பெனியிலிருந்து கிளவுடுக்கு அனுப்புவதாக இருந்தால், நேரம் குறிப்பதற்கு முன் ஒரு கணக்கு. 40 ஜிபியை நொடிக்கு 20 மெகாபிட் அப்லோடில் அனுப்ப 16,000 வினாடி, கிட்டத்தட்ட நாலரை மணி நேரம். இரவு 2 மணிக்குத் தொடங்கினால் காலை ஷிப்டு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். முழுதாக அனுப்புவதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்து, மற்ற நாட்களில் மாறியதை மட்டும் அனுப்புங்கள்.

கே: பேக்கப் தோற்றால் மெயில் வரும்படி வைத்திருக்கிறோம். ஆறு மாதமாக ஒரு மெயிலும் வரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ரத்தப் பரிசோதனை நிலையம், பென்னாகரம்

ப: கூடாது. இன்றே பேக்கப் ஃபோல்டரைத் திறந்து கோப்பின் அளவைப் பாருங்கள். 20 பைட் என்று இருந்தால் அதற்குள் ஒன்றுமே இல்லை. வெறுமையை ஜிஜிப் என்ற சுருக்கும் புரோகிராம் சுருக்கினால் வரும் அளவு அது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருப்பார்கள். டம்ப் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியிருக்கும். அதன் பின்னால் குழாயாக (ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி) இணைத்த ஜிஜிப் மட்டும் வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, வெற்றி என்று சொல்லி முடித்திருக்கும். குழாயில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் கட்டளைகளை ஓட்டும் ஷெல் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘பைப்ஃபெயில்’ ஆப்ஷன் இருந்தால் நடுவில் தோற்றாலும் தோல்வி என்று வரும்.

பெரிய நிறுவனங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31-ல், மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. பேக்கப்பைத் தேடினால் இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொன்ன மெயில்களோ, டிமார்க் என்ற மெயில் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. இதையெல்லாம் அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) கைகொடுத்தது.

ஆகவே மெயில் முறையைத் தலைகீழாக மாற்றுங்கள்: ஒவ்வொரு நாள் காலையும் ‘நேற்று 412 எம்பி, 6 நிமிடம்’ என்பது போல ஒரு வரி வரட்டும். வராத நாள்தான் எச்சரிக்கை. அனுப்புவதற்கு முன் ஸ்கிரிப்ட் இரண்டு சோதனை செய்யட்டும். கோப்பு நேற்றையதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுத்திருக்கிறதா? மைஎஸ்க்யூஎல் டம்ப்பின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தேதியோடு இருக்கிறதா? பாதியில் அறுந்த டம்ப்பில் அந்த வரி இருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, பேக்கப்புக்கு முன் கடைசியாகப் பதிந்த நோயாளியின் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதி வையுங்கள்; சர்வர் போன நாளில் வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் அது.

கே: யூஎஸ்பி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருக்கலாமா? கழற்றினால் ஷெட்யூல் கெடும் என்கிறார் டெக்னீஷியன்.
– கிரானைட் ஏற்றுமதி அலுவலகம், கிருஷ்ணகிரி

ப: செருகியே இருக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சர்வரோடு சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வாங்கி, திங்கள்தோறும் ஒன்றைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள், மற்றதைச் செருகுங்கள். விண்டோஸ் என்றால் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் இரண்டுக்கும் ஒரே டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிட்டால் ஸ்கிரிப்டில் கை வைக்க வேண்டியதில்லை.

லினக்ஸில் டெக்னீஷியன் சொல்வதில் நியாயம் உண்டு. டிஸ்க் இல்லாத நேரத்தில் அதை மவுன்ட் செய்யும் (இணைத்துக் காட்டும்) ஃபோல்டர் வெறும் ஃபோல்டராக இருக்கும். காப்பி எடுக்கும் ஆர்சிங்க் புரோகிராம் அதற்குள்ளேயே எழுதி, சர்வரின் சொந்த டிஸ்க்கை நிரப்பி, சர்வரையே நிறுத்திவிடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘மவுன்ட்பாயின்ட்’ கட்டளையால் டிஸ்க் உண்மையில் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் பிழை சொல்லி வெளியேறச் செய்யுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் தவிர. யூஎஸ்பி 2.0 துளையில் நொடிக்கு 30 எம்பி வேகம் என்றால் 500 ஜிபிக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளே நீல நிறம் தெரியும் 3.0 துளையில் 100 எம்பி வந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு நேரத்தைக் குறியுங்கள்.